மூதூர்ப் புளியமரமும் ஒரு வினைச்சொல்லும்



போன கிழமை வகுப்பில் மூதூர்ப் புளியமரத்தைப் பற்றிப் படிப்பித்தேன். கப்டன் றொபேட் நொக்ஸ் பிடிபட்ட இடமென்று 1893இல் கல் நாட்டினார்களே, அந்த மரம்தான். "அரசனின் கடிதம் இருக்கெண்டு நடிச்சுப் பிடிச்சாங்க" என்றேன். ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப கடிதம் இருக்கவே இல்லையா சேர்?" என்றாள். பதில் வரவில்லை.

நடந்தது இது. மசூலிப்பட்டினத்தில் 1659 நவம்பர் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' கப்பல், புது மரம் நாட்டக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. இரண்டாம் இராஜசிங்கன் அனுப்பிய திசாவை, அரசனின் கடிதம் தன்னிடம் இருப்பதாகக் கப்டனைக் கரைக்கு அழைத்தார். கப்டன் முதலில் மகனையும் ஒரு வணிகரையும் அனுப்பினார். பிறகு தானும் கரையிறங்கிப் புளியமரத்தடியில் காத்திருந்தபோது பிடிபட்டார். எல்லாமாகப் பதினாறு பேர். கப்டன் அடுத்த வருடமே மௌத்தானார்.

இதை எழுதியவர் அதே பெயர் கொண்ட மகன். 1681இல் வெளிவந்த அவரது புத்தகத்தில் அந்தக் கடிதத்தைச் சொல்லுமிடத்தில் வரும் வினைச்சொல் 'ப்ரிடெண்ட்'. இன்று அதற்கு 'நடித்தல்' என்றே எழுதுகிறோம். ஆனால் அதன் வேர் லத்தீன்: 'ப்ரே' என்றால் முன்னால், 'டெண்டெரெ' என்றால் நீட்டுதல். ஒன்றை முன்னே நீட்டிக் காட்டுவது. அக்கால ஆங்கிலத்தில் 'இருக்கிறது என்று சொல்லுதல்', 'உரிமை கோருதல்' என்பவையும் அதன் பொருள்கள். பின்னாளில் பிரித்தானிய அரியணைக்கு உரிமை கோரிய ஜேம்ஸை 'ப்ரிடெண்டர்' என்றதும் அதனால்தான். அவர் நாடகக்காரர் அல்ல!

நம்முடைய 'நடி' வேறு வழியில் வந்தது. அது நடம், நடனத்தோடு சேர்ந்த சொல். கூத்தாடுவதிலிருந்து பொய்யாய்க் காட்டுவதற்கு வந்து சேர்ந்தது. 'நடிச்சார்' என்றால் திசாவை பொய்காரர் என்று தீர்ப்பே எழுதியாகிவிடும். நொக்ஸின் சொல் மட்டும் அவ்வளவு தூரம் போகாது. பத்தொன்பது வருடம் சிறையிருந்தவர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார், அது வேறு. என்றாலும் சொல்லை வைத்துக் கடிதம் பொய்யென்று நான் படிப்பித்தது பிழை.

இன்னொன்று. 1679இல் நொக்ஸும் தோழர் ஸ்டீபன் றட்லண்டும் தப்பியது எப்படி? ஊரூராய்ச் சாமான் விற்று, அனுராதபுரத்தில் காய்ந்த இறைச்சி வாங்க வந்தோம் என்று சாட்டுச் சொல்லி, காட்டுவழியே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு 'நடிச்சாங்க' என்பது நன்றாகவே பொருந்தும்.

திங்கட்கிழமை முதல் பாடம் அந்தப் பிள்ளையின் கேள்விதான், இன்ஷா அல்லாஹ்.