பெயரில்லாதோரும் பெயரிடப்படாத கடவுளும்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் 12 படிகளில் மதுவைக் குறிக்கும் சொல் முதற்படியில் ஒருமுறையே வருகிறது, குடிநோயாளரைக் குறிக்கும் சொல் இறுதிப்படியில் ஒருமுறை. கடவுளையோ மேலான ஓர் ஆற்றலையோ சுட்டும் படிகள் ஆறு. குடியை விடும் வழிமுறையில் குடியைவிடக் கடவுள் மிகுதியாக இடம்பெற்றது எவ்வாறு? அக்கடவுளை வைத்துக்கொண்டே நாத்திகரும் வந்தமரும் அவையாக அது மாறியது எவ்வாறு?

லூத்தரன் போதகர் ஃபிராங்க் புக்மன் தோற்றுவித்த ஆக்ஸ்ஃபோர்டு குழு என்னும் கிறித்தவ இயக்கத்தில் இதன் வேர் உள்ளது. குற்றங்களைப் பிறர்முன் ஒப்புக்கொள்ளல், தீங்கிழைக்கப்பட்டோருக்கு ஈடுசெய்தல், இறைவனிடம் தம்மை ஒப்படைத்தல் ஆகியவை அதன் நெறிகள். 1935இல் ஓஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தபோது இருவரும் அக்குழுவோடு தொடர்புடையவர்களாக இருந்தனர். ஆனால் புக்மனின் இயக்கம் புகழ்பெற்றோரின் பெயர்களை முன்னிறுத்தி வளர்ந்தது. குடிநோயாளருக்கோ பெயர் வெளிப்பட்டால் வேலையும் மானமும் போகும். இது போன்ற காரணங்களால் 1937இல் நியூயார்க்கினரும் 1939இல் ஓஹாயோவினரும் பிரிந்தனர்.

பிரிந்தாலும் அக்குழுவின் மொழி உடன்வந்தது. 1938இன் இறுதியில் வில்சன் படிகளை வரைந்தபோது ஐயவாதிகள் எதிர்த்தனர். கிறித்தவச் சாயல் இன்னும் அழுத்தமாக வேண்டும் என்றோரும் இருந்தனர். இணக்கமாக, கடவுள் என்ற சொல்லை அடுத்து, தாங்கள் புரிந்துகொண்டவாறான கடவுள் எனப் பொருள்படும் ஒரு சிறு தொடர் சேர்க்கப்பட்டது. ஏழாம் படியிலிருந்து மண்டியிடுதல் நீங்கியது. 1939இல் நூல் வெளிவந்தது. இலக்கணப்படி அது வெறும் அடைதொடர். ஆயினும் கடவுளுக்கு வரையறை கூறும் உரிமையைத் திருச்சபையிடமிருந்து பேசுபவரிடம் மாற்றியது. படிகள் ஏவல்வினையில் அமையவில்லை என்பதும் கவனத்திற்குரியது. இறந்தகாலத் தன்மைப் பன்மையில், இவ்வாறு செய்தோம் எனச் சான்று பகர்கின்றன. சான்று உண்டு; சான்றளிப்பவரின் பெயர் இல்லை.

தொடக்கத்தில் பெயர் மறைத்தல் அச்சத்தின் விளைவு. 1940இல் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஒருவர் தம் உறுப்பினர் நிலையைச் செய்தித்தாள்களில் வெளிப்படுத்தியபின், தனிமனிதப் புகழ் இயக்கத்தை என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. 1946இல் வெளியாகி 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட 12 மரபுகள், பெயரின்மையை ஆன்மிக அடித்தளம் என உயர்த்தின. 1954இல் யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த மதிப்புறு பட்டத்தை வில்சன் மறுத்தார்.

இவ்விரு நெகிழ்வுகளும் நீதிமன்றத்தில் சோதனைக்கு உள்ளாயின. நாத்திகச் சிறைவாசியின் சலுகைகளை ஏ.ஏ. முறையிலான நிகழ்ச்சியில் பங்கேற்பதோடு பிணைப்பது அரசமைப்புக்கு முரண் என 1996இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அம்மொழி சமய மொழியே. அப்படியாயின் அவ்வவையில் சொன்னவை, பாதிரியாரிடம் கூறிய பாவ அறிக்கைபோலக் காக்கப்படுமா? ஏ.ஏ. தோழர்களிடம் கொலையை ஒப்புக்கொண்ட ஒருவரின் வழக்கில், 2001இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஆம் என்றது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது: அவ்வுரையாடல்கள் ஆன்மிக வழிகாட்டல் நாடி நிகழ்ந்தவை அல்ல என்றது.

ஆக, கட்டாயப்படுத்தக்கூடாத அளவுக்கு அது சமயம். ஆனால் அங்கே பேசப்படுவதெல்லாம் சமய இரகசியமாகிவிடாது. வரலாறு உணர்த்துவது இதுவே: கடவுளின் வரையறையையும் தம் பெயரையும் நிரப்பாமல் விட்டதால்தான் அவ்வவையின் கதவு எல்லாருக்கும் திறந்தது. அங்கே மனந்திறந்து பேசுபவருக்கு உள்ள முதற்காப்பு சட்டம் அன்று. எதிரில் அமர்ந்திருக்கும், பெயர் கேட்காத மனிதரின் நாணயம்.