ஆணியும் வளையமும்: வண்டி மெத்தையின் வரலாறு



மெத்தை என்றதும் அதன் மென்மையே நம் நினைவிற்கு வருகிறது. ஆயினும், மோட்டார் வண்டிகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலாளர் ஒருவரைக் கேட்டால், உள்ளே நாரோ பஞ்சோ வைப்பது எளிது, அதன்மேல் உறையைப் பூட்டுவதுதான் கடினம் என்று சொல்வார். வீட்டில் விரிக்கும் மெத்தை போட்ட இடத்தில் கிடக்கும். வண்டியில் உள்ள மெத்தையோ மேடுபள்ளந்தோறும் குலுங்குகிறது. ஏறுவோரும் இறங்குவோரும் அதைப் பக்கவாட்டில் இழுக்கின்றனர். வெயில் அதைக் காய்ச்சுகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து உறை சுருக்கமின்றி இறுகியிருத்தல் வேண்டும். கிழிந்தாலோ, உடையாமல் அதைக் கழற்றி வேறு உறை மாட்டவும் முடிதல் வேண்டும். இறுக்கமும் வேண்டும், கழற்றவும் வேண்டும் என்னும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே நடந்த போராட்டமே வண்டி மெத்தையின் வரலாறு. எவர் மெத்தையில் அமர்வது, எவர் மரப்பலகையில் அமர்வது என்பதையும் உறை பூட்டும் முறை ஓரளவு முடிவு செய்திருக்கிறது. ஆகவே இச்சிறு பொருளைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

குதிரை வண்டிக் காலத்திலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்திலும் பிரான்சிலும் கோச்சு வண்டி கட்டுவது பல கைத்தொழில்கள் கூடிச் செய்த வேலை. தச்சர், கொல்லர், வர்ணம் பூசுவோர் ஆகியோர் தத்தம் பணியை முடித்த பின்னர் வண்டி மெத்தைக்காரரின் கைக்கு வரும். அவரை ஆங்கிலத்தில் டிரிம்மர் என்று அழைத்தனர். அவருடைய முதற்பொருள் குதிரை மயிர். அம்மயிரைக் கயிறாக முறுக்கி, நீராவியில் வேகவைத்து, உலர்ந்தபின் முறுக்கைப் பிரித்துவிடுவர். அப்பொழுது ஒவ்வொரு மயிரும் சுருள் சுருளாக நின்றுவிடும். அந்தச் சுருளே அதன் துள்ளும் தன்மைக்குக் காரணம். 1820-களில் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் பிராட் என்பவர் சுருள்வில் வைத்த மெத்தைகளுக்கு அரசாங்க உரிமம் பெற்றார். காலப்போக்கில் மயிருக்கு அடியில் கம்பிச் சுருள்களும் இடம்பெற்றன.

மயிர் அடைத்த மெத்தையில் ஒரு தொல்லை உண்டு. வண்டி குலுங்கக் குலுங்க மயிர் ஓரிடத்தில் குவிந்து மற்றோரிடத்தில் வெறுமையாகும். இதைத் தடுப்பதற்காகவே பழைய வண்டி இருக்கைகளில் வைரக்கட்டம் போன்ற மடிப்புகளும், மடிப்புகள் கூடுமிடத்தில் குமிழ்ப் பொத்தான்களும் அமைந்தன. இரு முனையும் கூரான நீண்ட ஊசியால் தோலின் மேலிருந்து மெத்தையின் அடிவரை நூலைச் செலுத்தி, பொத்தானை உள்ளே இழுத்து முடிச்சிடுவர். ஒவ்வொரு பொத்தானும் தன்னைச் சுற்றியுள்ள மயிரைத் தன் எல்லைக்குள் சிறைப்படுத்தியது. தட்டையான தோல் வளைந்த மெத்தையின்மேல் படியும்போது மிஞ்சி நிற்கும் பகுதியும் மடிப்புகளுக்குள் அடங்கிற்று. இன்று நாம் ஆடம்பரம் எனக் கருதும் பொத்தான் வேலை தேவையின் காரணமாகப் பிறந்ததே என்பது இதனால் விளங்கும்.

உறையின் விளிம்பை மரச்சட்டத்தில் இறுக்கியவை சிறு இரும்பு ஆணிகள். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்திருக்கும்பொழுது ஆணியை எடுக்க வேறு கை ஏது? எனவே மெத்தைக்காரர் ஒரு பிடி ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார். நாவினால் ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டிற்குத் தள்ளுவார். காந்தமுனை கொண்ட சுத்தி அதைக் கவ்வி எடுத்து மரத்தில் பதித்துவிடும். ஆணித்தலைகள் தெரியாவண்ணம் மேலே அலங்கார நாடா ஓடும். இவ்வேலையில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஒரு வண்டிக்குப் பல நாட்கள் பிடிக்கும். ஆதலால் மெத்தை என்பது செல்வருக்கே உரியதாயிற்று.

ரயில் தோன்றியபோதும் இதே நிலைதான். இங்கிலாந்தில் தொடக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளைக் கூரையற்ற வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். 1844-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுக்கு இருக்கையும் மழைக்குக் காப்பும் வேண்டும் என்று விதித்தது. இருக்கையைப் பற்றிப் பேசிய சட்டம் மெத்தையைப் பற்றிப் பேசவில்லை. 1875-இல் மிட்லண்ட் ரயில்வே தன் இரண்டாம் வகுப்பையே எடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பினருக்கும் மெத்தையிட்ட இருக்கை தர முன்வந்தது. போட்டி கம்பெனிகள் இதைக் கண்டு சினந்தன. ஏழைக்கு மெத்தை தருவது அன்று ஒரு புரட்சியாகவே தோன்றியது.

அடுத்து மோட்டார் வந்தது. முதல் மோட்டார்கள் குதிரையை அவிழ்த்துவிட்ட கோச்சு வண்டிகளே. சட்டம் மரம், மேலே தோல், இடையே ஆணி. இந்த ஒழுங்கை மாற்றியது எஃகு. 1914-இல் அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவரின் தொழிற்சாலை டாட்ஜ் கார்களுக்கு முழுதும் எஃகாலான உடலைச் செய்து கொடுக்கத் தொடங்கிற்று. பின்னர் இருக்கைச் சட்டமும் மெல்ல எஃகாயிற்று. மரத்தில் இறங்கிய ஆணி எஃகில் எவ்வாறு இறங்கும்? சிறிது காலம் எஃகுச் சட்டத்தின் ஓரத்தில் மரப்பட்டியையோ அழுத்திய காகிதப் பட்டியையோ செருகி, அதில் ஆணி அடித்துப் பார்த்தனர். நிலையான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

அது பன்றிப் பண்ணை. பன்றி தன் மூக்கால் நிலத்தைக் கிளறிப் பயிரைப் பாழாக்கும் இயல்புடையது. அதைத் தடுக்க, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உழவர்கள் அதன் மூக்கில் ஒரு கம்பி வளையத்தைக் குறடு கொண்டு நசுக்கி மாட்டினர். வாய்திறந்த அவ்வளையம் குறட்டின் ஒரே அழுத்தத்தில் மூடிக்கொள்ளும். கம்பியையும் துணியையும் ஒன்றாகப் பிணைக்க இதைவிட விரைவான கருவி வேறில்லை என்பதை மெத்தைக்காரர்கள் கண்டுகொண்டனர். இன்றும் அதற்கு ஆங்கிலத்தில் 'ஹாக் ரிங்', அதாவது பன்றி வளையம், என்றே பெயர். உலகின் விலையுயர்ந்த கார்கள் பலவற்றின் இருக்கைக்குள்ளும் இந்த எளிய வளையம் மறைந்திருக்கக் காணலாம்.

அது வேலை செய்யும் முறை எளிது. உறையைத் தைக்கும்போதே, தையல் ஓடும் இடத்தின் அடிப்புறத்தில் குழாய்போல் ஒரு துணிப்பட்டியைச் சேர்த்துத் தைப்பர். அதனுள் ஒரு கம்பியைச் செருகுவர். மெத்தையின் பள்ளங்களிலும் அதேபோல் ஒரு கம்பி பதிந்திருக்கும். இரண்டையும் வளையங்களால் பிணைத்தால் உறை பள்ளத்திற்குள் இறங்கி நிற்கும். அவ்வாறு பிணைக்காவிட்டால், குழிந்த இடங்களில் உறை மெத்தையைத் தொடாமல் கூடாரம்போல் எழும்பி நிற்கும். நாலு முறை அமர்ந்ததும் தளர்ந்து சுருங்கும். தேர்ந்த கைகள் முதலில் நடுப்பள்ளத்தைப் பிணைக்கும். பின்பு மூலைகளை மாட்டும். இறுதியில் விளிம்பை அடியில் இழுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி வளையமிடும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் தையல் கோணிவிடும். கழற்ற வேண்டுமானால் வளையங்களை வெட்டிவிட்டால் போதும். மெத்தைக்கும் சேதமில்லை, உறைக்கும் சேதமில்லை. இறுக்கம், கழற்றும் வசதி என்னும் இரு தேவைகளும் இங்கே ஒன்றுபட்டன.

பூட்டும் முறை மாறியவாறே பொருள்களும் மாறின. தோலுக்குப் பதிலாக, துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூர எண்ணெயும் நிறமும் கலந்து பூசி, தோல்வரி பதித்த செயற்கைத் தோல் வந்தது. மான்செஸ்டரை அடுத்த ஹைடு என்னும் ஊரில் ரெக்ஸின் என்ற வணிகப் பெயரில் அது தயாராயிற்று. எளிதில் தீப்பற்றும் அப்பூச்சு பிற்காலத்தில் பி.வி.சி. பூச்சுக்கு வழிவிட்டது. அந்தக் கம்பெனியின் உற்பத்தி 2005-இல் முடிந்துபோயினும், இந்தியாவின் எந்த நகரத்துக் கடைவீதியிலும் ரெக்ஸின் என்றால் இன்றும் பொருள் விளங்கும். மொழி வேறான ஊரில் வாழும் தமிழருக்கு இத்தகைய பொதுச்சொற்கள் எவ்வளவு உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உள்ளடைப்பிலோ நம் தென்னை தன் பங்கைச் செலுத்தியது. குதிரை மயிருக்குச் செய்ததையே தென்னை நாருக்கும் செய்யலாம்: முறுக்கிக் கயிறாக்கி, சில நாள் வைத்திருந்து பிரித்தால் நார் சுருண்டு நிற்கும். அதன்மேல் ரப்பர்ப் பால் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றினால் அசையாத, காற்றோட்டமுள்ள மெத்தை கிடைக்கும். இப்படி ரப்பரிட்ட நார் மெத்தை நம் நாட்டுப் பஸ்களிலும் கார்களிலும் நெடுங்காலம் பயன்பட்டது. ஜெர்மானிய வண்டிகளிலும் இடம்பெற்றது. மற்றொரு புறம், 1929-இல் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ரப்பர்ப் பாலை நுரையாக்கும் முறை பிறந்தது. 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் கண்டறிந்த பாலியூரித்தேன் 1950-களில் மலிவான நுரை மெத்தையாக உருப்பெற்றது. நாரும் நுரையும் மயிரைப்போல் இடம்பெயர்வதில்லை. ஆகவே பொத்தானுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பல நாள் கைவேலை சில மணி நேர வேலையாகச் சுருங்கிற்று.

இதன் பயனை நம் நகரங்களில் கண்கூடாகக் கண்டோம். 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாசடர் கல்கத்தாவின் டாக்ஸியாயிற்று. 1964-இல் பியட் 1100 டிலைட் என்று வந்து, பின்னர் பிரிமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற கார் பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடிற்று. இவ்வண்டிகளின் இருக்கைகள் பல உறைகளைக் கண்டவை. சாலையோரக் குஷன் கடையில் ஒரு தையல் யந்திரம், ஒரு கத்தரி, ஒரு குறடு, ஒரு டப்பா நிறைய வளையம்; அவ்வளவே முதல். பழைய உறையின் தையலைப் பிரித்து, அதன் துண்டுகளையே அளவாக வைத்துப் புதியதை வெட்டுவர். படிப்போ பெருமுதலோ இல்லாமல் பிழைப்புத் தேடி வந்த பலருக்கு இத்தொழில் சோறு போட்டது.

இனி ரயிலுக்கு வருவோம். வெளிமாநிலத் தமிழர் வாழ்வில் ரயிலுக்கு உள்ள இடம் பெரிது. 1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்து, அந்த அனுபவத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். இருபத்திரண்டு பேருக்கு என்று குறித்திருந்த அந்தப் பெட்டியில் படுப்பதற்குப் பலகைகளே இல்லை. சுதந்திரத்திற்குப் பின் 1955-இல் சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. பெட்டிகளின் உட்புறத்தை முடிக்கும் பிரிவு 1962-இல் அங்கேயே சேர்ந்தது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் மறைந்து இரண்டாம் வகுப்பாயிற்று. பெயர் மாறிற்றேயன்றிப் பலகை மாறவில்லை. இரண்டு இரவு பிரயாணம் செய்து ஊர் திரும்பியோரின் முதுகு அதை நன்கு அறியும்.

1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, முதல் வகுப்பைத் தாழ்த்துவதை விட்டு இரண்டாம் வகுப்பை உயர்த்துவதையே தம் நோக்கமாகக் கொண்டார். மரப்பலகையின்மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை வைக்கப் பணித்தார். அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே வகுப்புப் பேதமில்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. பிற நெடுந்தூர வண்டிகளுக்கும் மெத்தை பரவிற்று. தொழில் நோக்கில் பார்த்தால் இது மிக எளிய பூட்டு. படுக்கைப் பலகை தட்டையானது. பள்ளமில்லை, பொத்தானில்லை, வளையமும் தேவையில்லை. நுரையின்மேல் ரெக்ஸினை இழுத்து, பலகையின் அடியில் மடித்து இறுக்கினால் முடிந்தது. கோச்சு வண்டிச் செல்வருக்குச் செய்ததுபோல் மயிரும் பொத்தானும் கொண்டு இத்தனை பெட்டிகளுக்கும் செய்வதென்றால் எந்த அரசாங்கமும் மலைத்திருக்கும். எளிய பூட்டு கிடைத்ததனால்தான் நல்ல எண்ணம் நடைமுறைக்கு வந்தது. எண்ணம் இல்லாவிட்டாலோ, அந்த எளிய பூட்டும் இன்னும் பல காலம் செல்வரின் வண்டியிலேயே தங்கியிருக்கும்.

அண்மைக் காலத்தில் உறைப் பூட்டு மீண்டும் மாறி வருகிறது. வளையத்தின் இடத்தில் பிளாஸ்டிக் கிளிப்புகளும், ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்ட்ரால் உருவாக்கிய வெல்க்ரோ நாடாவும் வந்துள்ளன. இவை கழற்ற எளியவை. ஆனால் சில மெத்தைகளில் உறையையே அச்சுக்குள் வைத்து, அதனுள் நுரையை வார்த்துவிடுகின்றனர். அங்கே உறையும் மெத்தையும் பிரிக்கவியலாத ஓருடல். கிழிந்தால் முழுதும் எறிய வேண்டியதே. குஷன் கடைக்காரருக்கு அங்கே வேலை இல்லை. வேறொரு காரியத்திலோ அவர் புதிய அறிவு பெற வேண்டியிருக்கிறது. 1994-இல் வோல்வோ கம்பெனி தொடங்கிவைத்தபின், பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விபத்தின்போது அது வெடித்து வெளிவரும்பொருட்டு, அந்தப் பக்கத் தையலை வேண்டுமென்றே இளகும்படி தைக்கின்றனர். அதை அறியாமல் அதன்மேல் கெட்டியான மற்றோர் உறையை மாட்டினால், உயிர் காக்கும் பை தக்க தருணத்தில் விரிய இயலாமற் போகலாம். எனவே புதிய காருக்கு உறை வாங்குவோர், காற்றுப்பை இருக்கும் பக்கம் திறப்போ உரிய தையலோ உண்டா என்று கேட்டறிந்தே வாங்குதல் நலம்.

ஆணி, நூல், வளையம், கிளிப்பு என்று வந்த இந்த வரிசையில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பொருள் மென்மையாக இருப்பது மட்டும் போதாது. அது பலருக்கும் எட்ட வேண்டும், பழுதானால் பக்கத்துத் தெருவிலேயே சீர்செய்ய முடிய வேண்டும். பன்றி வளையமும் பலகை மெத்தையும் இவ்விரண்டையும் நமக்கு அளித்தன. பொறியாளர்கள் இனிக் காணும் புதுமைகளும் இவ்விரு பண்புகளைக் கைவிடாதிருக்குமாயின், அவற்றை உவந்து ஏற்கலாம். ரயிலில் கிழிந்த ரெக்ஸினைக் காணும்பொழுது அதை மேலும் கிழிக்காதிருப்பது நம் கடமை. இரண்டு அங்குல மெத்தை சாதாரண மக்களின் முதுகை எட்டுவதற்கு இந்நாட்டு ரயில்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.