கடுக்காயும் என் இரண்டு கடைவாய்ப் பற்களும்



போன வாரம் எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டார்கள். சொத்தை இல்லை. ஈறு நோயில் பிடிமானம் போய், பல் ஆடிவிட்டது. எடுத்தவர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் வரலாறு படித்த பெண். "ரத்தம் வந்தப்பவே ஏன் சார் வரலை?" என்று கேட்டார். "மருந்து தடவினேன், ரத்தம் நின்னுடுச்சேம்மா" என்றேன். "அதுதான் சார் உங்களை ஏமாத்திடுச்சு" என்றார். வீட்டுக்கு வந்ததும் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டி ஈறு வீங்கினால் கடுக்காய்த் தூளும் உப்பும் கலந்து தேய்ப்பார். கடுக்காய் நம் ஜவ்வாது மலையில் விளைவது. மலை மக்கள் பொறுக்கிக் கீழே அனுப்புவார்கள். நாட்டு மருந்துக் கடையில் அது மருந்து. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுகிறவர்களுக்கும் அது சரக்கு. இரண்டு இடத்திலும் வேலை செய்வது டானின் என்ற துவர்ப்புச் சத்துதான். அது தோலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. வீங்கிய ஈறின் மேற்பரப்பையும் அதேபோல் சுருக்குவதால் ரத்தக் கசிவு குறைகிறது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் 'கம் பெயின்ட்' பலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது. பாட்டி தேய்த்ததும், நான் இரண்டு வருடம் தடவியதும் ஒரே வம்சம்!

அப்படியானால் பல் ஏன் போனது?

1965இல் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் சரியாயிற்று. பல்லில் படியும் கிருமிப் படலமே காரணம் என்பது தெளிவானது. 1970இல் அதே லோ, இன்னொருவருடன் சேர்ந்து, 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலால் தினம் இருமுறை கொப்பளித்தால் அந்தப் படலம் சேராது என்று காட்டினார். ஆனால் ஏற்கெனவே ஈறுக்கடியில் கல்லாக இறுகிவிட்ட காரையை அதுவும் பெயர்க்காது.

அதே 1970இல் லோவின் குழு இலங்கை மலையகத்துக்குப் போனது. இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. நம் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள். பல் மருத்துவம் எட்டாதவர்கள். 1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் 11 சதவீதம் பேருக்கு நோய் அதற்கு மேல் போகவில்லை. 81 சதவீதம் பேருக்கு மெல்ல மெல்ல முற்றியது. 8 சதவீதம் பேருக்கு வேகமாக முற்றி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின.

இதில்தான் எனக்குப் பாடம் இருந்தது. மேலே தெரியும் வீக்கம் வேறு, அடியில் எலும்பு கரைவது வேறு. துவர்ப்பு மருந்து வீக்கத்தை அடக்கும். அடியில் நடப்பதை அது நிறுத்தாது. நமக்குத் தெரியாமல் மறைத்தும் விடும்.

மருத்துவம் எட்டாத அந்த 480 பேரின் வாயிலிருந்துதான், கவனிக்காமல் விட்டால் இந்த நோய் எப்படிப் போகும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது. மருத்துவர் நாலு தெரு தள்ளி இருந்தும் போகாமல் இருந்தவன் நான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாட்டியின் கடுக்காயைக் குறை சொல்லவில்லை. துலக்கும்போது ரத்தம் வந்தால், எந்த மருந்தைத் தடவினாலும் சரி, ஒருமுறை பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுக்கும்.

போய் வந்தவர்கள் கீழே 'ஆஜர் சார்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து வெகு நாளாயிற்று.

உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
திருவண்ணாமலை