முடி சூடாத பத்து வயசு ராஜா

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் சதுரங்கப்பட்டினம் கோட்டை நம் நண்பர்களுக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்தக் கடலுக்கும், பாரிஸ் நகரத்துச் சிறையில் மடிந்த ஒரு குழந்தைக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

1782 பிப்ரவரி 17. சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் சுஃப்ரேன். அவருடைய மன்னர் பதினாறாம் லூயி. மூன்று வருஷம் கழித்து, 1785 மார்ச் 27-ல், அந்த மன்னருக்கும் ராணி மேரி அன்டோனெட்டுக்கும் வெர்சாய் அரண்மனையில் பிறந்த பிள்ளைதான் லூயி சார்ல்ஸ்.

1789 ஜூனில் அண்ணன் நோயில் இறந்துபோக, நாலு வயசிலேயே இவன் பட்டத்து இளவரசன் ஆனான். அடுத்த மாதமே புரட்சி வெடித்தது. ரொட்டிக்குத் தவித்த ஜனங்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பசிக்கு இந்தப் பிள்ளையா காரணம்?

1792 ஆகஸ்டில் குடும்பமே டெம்பிள் என்ற பழைய கோட்டையில் அடைக்கப்பட்டது. 1793 ஜனவரி 21-ல் தந்தையின் தலை வெட்டப்பட்டது. உடனே மன்னராட்சியை ஆதரித்தவர்கள் மகனைப் 'பதினேழாம் லூயி' என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டமே அவனுக்கு எமனாயிற்று. ஜூலை 3-ல் தாயிடமிருந்து பிரித்து, சீமோன் என்ற செருப்புத் தைப்பவரின் காவலில் விட்டார்கள். பெற்ற தாய்க்கு எதிரான அருவருப்பான வாக்குமூலத்தில் அந்த எட்டு வயசுப் பையனிடமே கையெழுத்து வாங்கினார்கள். அக்டோபர் 16-ல் தாயும் கொல்லப்பட்டாள்.

1794 தொடக்கத்தில் சீமோனும் போய்விட, சுமார் ஆறு மாதம் தனியறை வாசம். அதே கட்டடத்தில் இருந்த அக்காவைக்கூடப் பார்க்க விடவில்லை. 1795 ஜூன் 8-ல் காசநோய் அவன் உயிரைக் கொண்டுபோயிற்று. ஒரு நாள்கூட அரியணையில் உட்காரவில்லை.

அதே 1795-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஹாலந்தைப் பிடித்தன. உடனே ஆங்கிலேயர் இங்கிருந்த டச்சு இடங்களைக் கைப்பற்றினார்கள். சதுரங்கப்பட்டினமும் கைமாறியது. அந்தப் பிள்ளையை விழுங்கிய அதே புயல்தான் நம்ம கடற்கரையின் கொடியையும் மாற்றியது.

கதை அதோடு முடியவில்லை. "நான்தான் அந்த இளவரசன், தப்பித்துவிட்டேன்" என்று பிற்காலத்தில் பலர் கிளம்பினார்கள். உடலைப் பரிசோதித்த டாக்டர் பெலெத்தான் ரகசியமாக எடுத்து வைத்திருந்த இதயம்தான் கடைசியில் சாட்சி சொல்லியது. 2000-ல் நடந்த மரபணுச் சோதனை அது மேரி அன்டோனெட்டின் தாய்வழியோடு ஒத்துப்போவதைக் காட்டியது. 2004 ஜூன் 8-ல் சேன் தெனி தேவாலயத்தில், பெற்றோரின் கல்லறை இருக்கும் இடத்திலேயே, அந்தச் சின்ன இதயம் வைக்கப்பட்டது.

மாணவத் தம்பி தங்கைகளே! மன்னர்களின் கணக்கைக் குழந்தைகளிடம் தீர்ப்பது எந்தப் புரட்சிக்கும் பெருமை ஆகாது. அடுத்த முறை அந்தக் கோட்டை மதிலருகே நிற்கும்போது, அந்தப் பத்து வயசுப் பையனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.