கொப்பரை ஏறிய தீ

கொப்பரை என்றதும் காய்ந்த தேங்காய்ப் பருப்பு நினைவுக்கு வருவோர் பாதி, வாயகன்ற உலோகப் பாத்திரம் நினைவுக்கு வருவோர் மீதி. பருப்பு, மலையாளக் கரையில் போர்த்துகீசியர் வாயில் விழுந்து, ஆங்கிலத்தில் 'காப்ரா' ஆயிற்று. பாத்திரம் எங்கும் கப்பலேறவில்லை. தெலுங்கில் கொப்பெர, கன்னடத்தில் கொப்பரிகெ என்று தென்னாட்டிலேயே தங்கிவிட்டது. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை உச்சியில், 2,668 அடி உயரத்தில், நெய்யும் திரியுமாக எரிவது அந்தக் கொப்பரைதான். ஒலிம்பிக் அரங்கின் தீப்பாத்திரத்துக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்கும் வேலை மிச்சம்.

அந்தப் பாத்திரத்தின் வயது நூறைத் தொடவில்லை. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் அரங்கைக் கட்டிய யான் வில்ஸ், மாரத்தான் கோபுரத்தின் தலையில் ஒரு கிண்ணத்தை வைத்தார். ஜோதி ஓட்டமெல்லாம் 1936 பெர்லினில் வந்து சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமில் தீ மூட்டியவர் நகர எரிவாயு நிறுவனத்தின் ஊழியர். ஊர்க்காரர்களுக்கும் பெரிய பக்தி இருந்ததாகத் தெரியவில்லை. டச்சு விமான நிறுவனத்தை இழுத்து, 'கேஎல்எம் விமானிகளின் சாம்பல் கிண்ணம்' என்று அதற்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள்.

மற்ற மொழிகள் அதைப் பார்த்த பார்வை வேறு வேறு. கிரேக்கருக்கு அது 'வோமோஸ்', பலிபீடம். ஸ்பானியருக்கு 'பெபெதேரோ', தூபக்கால். ஜப்பானியருக்குப் புனிதத் தீயின் மேடை. ஆங்கிலத்தின் 'கால்ட்ரன்' சூட்டைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்த அண்டா; நம் கொப்பரைக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். பிரெஞ்சுக்காரர் மட்டும் 'வாஸ்க்' என்கிறார்கள். நீரூற்றின் அகலத் தொட்டிக்கு உரிய பெயர் அது. தீக்கு எப்படிப் பொருந்தியதோ!

2012-ல் லண்டனில் பாத்திரமே காணாமல் போனது. அதற்கு இரண்டாண்டு முன் வான்கூவர் ஒலிம்பிக் கொப்பரையில் எழ வேண்டிய நான்கு தூண்களில் ஒன்று எழவில்லை. அதனால் அசையும் பாகங்களே வேண்டாம் என்பது லண்டன் குழுவின் எண்ணம். வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் கொடுத்ததோ முழுக்க முழுக்க அசையும் வடிவம். 204 அணிகளுக்கு 204 செப்பு இதழ்கள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர். அணிவகுப்பில் ஒவ்வொரு அணியோடும் ஒரு குழந்தை ஏந்தி வந்த அந்த உலோகத் துண்டு எதற்கென்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. பழைய கார்களின் தகட்டைக் கையால் வளைத்துச் சீர்செய்வோரின் கைவேலை அது. நீண்ட தண்டுகளில் செருகிய இதழ்கள் தரையில் மலர்போல் விரிந்து கிடந்தன. விளிம்பில் மூட்டிய தீ இதழுக்கு இதழ் பரவ, தண்டுகள் மெல்ல நிமிர்ந்து கூடின. ஒரே சுடர்.

இந்த லண்டன் கொப்பரைக்குச் சிறு மாதிரி செய்ய நினைப்பவர் களிமண்ணில் கிண்ணம் வனைந்தால் பயனில்லை. தண்டுகளின் அடியில் கீல் வேண்டும். வளையம் வளையமாக எழும் வரிசை பிசகக்கூடாது. எழும்போது இதழோடு இதழ் மோதாத இடைவெளியை முதலிலேயே கணக்கிட வேண்டும். வெளித்தோற்றத்தை அப்படியே நகலெடுத்து, இயக்கத்தை விட்டுவிட்ட மாதிரி வெறும் பூங்கொத்துதான். போட்டி முடிந்ததும் அசலையும் கழற்றிவிட்டார்கள். தீயில் நிறம் மாறிய இதழ்கள் அந்தந்த நாடுகளுக்கே போயின.

2024 பாரிஸில் தீயும் போனது. மத்தியூ லெஹானூர் வடிவமைத்த 7 மீட்டர் விட்டமுள்ள வளையம், பலூனில் தொங்கியபடி துய்லரி தோட்டத்தின் மேலே எழுந்தது. 1783-ல் ஜாக் சார்லின் ஹைட்ரஜன் பலூன் பறந்ததும் அதே தோட்டத்திலிருந்துதான். வளையத்தில் எரிந்ததாகக் கண்ணுக்குத் தோன்றியது 40 எல்இடி விளக்குகளின் ஒளி பட்ட நீர்த்திவலை. கொப்பரை, அண்டா, தூபக்கால் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. 'வாஸ்க்' பொருந்தியது, தண்ணீர்தானே!