குப்பி

குப்பி என்றால் இலங்கையின் தெரணியகலைத் தோட்ட லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். உள்நாட்டுப் போர்க்காலம் அதே சொல்லைச் சயனைட்டோடும் சேர்த்துவிட்டது. கரத்தை எனப்படும் வண்டியை இழுக்கும் மாட்டின் கொம்பு நுனியில் மாட்டும் பித்தளைக் கவசத்துக்கும் குப்பி என்றே பெயர். இன்று மங்கிப்போன பொருள் இது.

வடமொழிக் 'கூபீ'யிலிருந்து வந்தது என்பார்கள். இந்தியில் குப்பி, எண்ணெய்ச் சிறுகுடுவை; சிங்களத்தில் குப்பிய. உள்ளே குழிந்து ஒருபுறம் மூடியது எதுவோ அது குப்பி. பூண் வேறு: உலக்கையைச் சுற்றிப் பிடிப்பது அது, குப்பியோ நுனியையே விழுங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக எழுதுவது பிழையென்றே சொல்வேன்.

1902இல் பக்கத்து அவிசாவளைக்கு ரயில் வந்தது, தெரணியகலைக்கு வரவேயில்லை. ஆகவே கரத்தைக்கு இங்கே வேலையிருந்தது. குப்பி அழகுக்கு மட்டுமல்ல, கூர்க்கொம்பு ஆளைக் குத்தாமலும் காக்கும்.

இங்கிலாந்தில் வண்டிக் குதிரையின் பித்தளை வில்லைகளைச் சேர்ப்போருக்கு 1975 முதல் சங்கமே உண்டு. நம் குப்பிகள் பழைய பித்தளைக்கு எடைபோட்டுப் போகின்றன. வாங்குவோர் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள்: கொம்பு உரசியது வழவழக்கும், புதுவார்ப்பு சொரசொரக்கும். சோடியாகக் கிடைத்தால் பிரிக்காதீர்கள்.