கடற்கரை ஓட்டலில் பிறந்த கல்லூரி



கோயமுத்தூர்க்காரனுக்குக் கடற்கரை ஓட்டலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீங்க. சம்பந்தம் இருக்குதுங்க.

சென்னை மெரினாவை ஒட்டி, கர்னல் பிரான்சிஸ் கேப்பரின் வீடு ஒன்று இருந்தது. பிற்பாடு அதுவே 'கேப்பர் ஹவுஸ்' என்ற ஓட்டலானது. 1914 ஜூலையில், அந்த ஓட்டல் கட்டடத்தில்தான் சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. 1917-ல் அது ராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது.

அங்கே படித்துப் பட்டம் வாங்கியவர் தாவரவியல் மேதை இ.கே. ஜானகி அம்மாள். 1930-களில் நம்ம ஊர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலப்பு செய்து ஆராய்ந்தார். கடற்கரை ஓட்டலில் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் நம்ம கரும்புக்காடு வரைக்கும் வந்திருக்கிறது, பாருங்க!

2003-ல் தலைமைச் செயலகம் கட்ட அந்த வளாகத்தையே எடுக்கப் போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் இடத்தை விட்டு நகராமல் போராடினார்கள். பழைய மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். வழக்கும் நடந்தது. திட்டம் நின்றது, கல்லூரி பிழைத்தது.

ஆனால், கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. பழுதாகி, இடிக்கப்பட்டு, அங்கே புதுக்கட்டடம் எழுந்துவிட்டது. அரசு உத்தரவை எதிர்த்துக் கூட்டம் கூடலாம். கூரை ஒழுகலை எதிர்த்து யார் கோஷம் போடுவார்கள்?

கட்டட வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். பழைய கட்டடத்தைக் கொல்வது வயசு அல்ல, ஈரம். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். விரிசலில் அரசங்கன்று முளைக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே அரிக்கும். கடலோரமானால் உப்பும் கூடச் சேரும்.

"சித்திரையிலேயே ஓடு மாத்திப் போடோணும், மழை வந்த பொறகு ஏணியத் தேடப்படாது" என்பார் எங்க அப்பாரு.

இன்று விருந்து முடிந்ததும், நாம் படித்த பழைய பிளாக்கின் மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பார்ப்போம். குப்பையை அள்ளுவோம். தம்பி தங்கைகள் அளவெடுத்து வரைபடம் போடட்டும். செலவை நாம் பார்த்துக்கலாம்.

வாங்க, ஏணி தயாராக இருக்குது!